அரங்கம் யாருடையது?

கூத்து நடக்கும் இடம் எது என்று கேட்டால் பலரும் மேடையைச் சுட்டிக் காட்டுவர். மேடையை விட்டுக் கண்ணைச் சற்றுக் கீழே இறக்குங்கள், தோழர்களே! எதிரே இருப்போரைப் பாருங்கள். முன்னே பாய் விரித்து அமர்ந்திருப்பவர் யார்? பின்னே நின்றுகொண்டிருப்பவர் யார்? அந்தப் பக்கமே வராதவர் யார்? இம்மூன்றையும் குறித்துக்கொண்டால் அந்த ஊரின் வரலாற்றில் பாதி கைக்குள் வந்துவிடும். ஆடுவோர் ஓர் இரவுக்கு அரசராவர். விடிந்ததும் அரிதாரம் கலைந்துவிடும். பார்ப்போர் அமர்ந்த வரிசையோ விடிந்த பின்னும் கலையாது.

பாலக்கோடு என்றதும் சர்க்கரை ஆலையும் தக்காளிச் சந்தையும் நினைவுக்கு வரும். தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட நிலம். 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு மூலை. அதற்கும் முன்னே, 1792-இல் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிய பாராமகால் சீமையின் ஒரு துண்டு. ஊர்ப்பெயர்களுள் பல 'அள்ளி' என்று முடியும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் அடுப்பங்கரை மொழிகளாக வழங்கும் எல்லைப்புறம். இங்கே நாம் பேசப்போகும் அரங்குக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, கதவும் இல்லை. மண்தரைதான் அரங்கு. களரி என்பது அதன் பெயர்.

அறுவடை முடிந்து வயல் வெறுமையாய்க் கிடக்கும் திங்களில் திரௌபதியம்மன் திருவிழா வரும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவில் அதே கதையைக் கூத்தர் ஆடிக்காட்டுவர். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதை, கிருட்டிணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ணன் மோட்சம் என்று நடந்து பதினெட்டாம் போரில் முடியும். கதையில் நமக்கு நம்பிக்கை இல்லை. மனைவியைப் பணயமாக வைத்துச் சூதாடியவன் தருமன் என்று பெயர் பெற்ற விந்தையைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் அதற்கே பதினெட்டு நாள் வேண்டும்! கதையைக் கதை கேட்போருக்கு விட்டுவிட்டு, அது நடக்கும் மண்ணைப் பார்ப்போம்.

நேற்றுவரை அது மாடு மேய்ந்த மந்தைவெளி. கூத்து வாத்தியார் வந்து இடம் பார்க்கிறார். (அவரும் வாத்தியார், நாமும் வாத்தியார், ஆனால் நம் பாடத்தைக் கேட்க விடியும்வரை விழித்திருப்பார் எவருமில்லை!) நான்கு மூங்கில் நடுகிறார்கள், மேலே தென்னங்கீற்று வேய்கிறார்கள். முன்னாளில் தீவட்டி, பின்னாளில் பெட்ரோமாக்ஸ், இந்நாளில் மின்விளக்கு. ஒரு பக்கத்தில் பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம், பின்பாட்டுக்காரர். இருவர் ஒரு துணியைப் பிடித்து நின்றால் அதுவே திரை. திரைக்குக் கீழே கால் தெரியும், சலங்கை கேட்கும், மேலே கிரீடத்தின் நுனி அசையும். கட்டியங்காரன் அரசனின் வருகையை அறிவிப்பான். அடுத்த நொடியே அவ்வரசனைக் கிண்டல் செய்வான். வாய்ப்புக் கிடைத்தால் முன்வரிசையில் இருக்கும் பெரியதனக்காரரையும் விடமாட்டான். அந்த மண் ஒருநாள் பாஞ்சாலனின் அவை, மறுநாள் அத்தினாபுரம். தபசு நாளில் நெடிய மரமொன்றை நட்டு அர்ச்சுனன் ஏறினால் அம்மரம் கயிலை மலை. கடைசி நாளில் மண்ணால் பனைநீளத்துக்குத் துரியோதனன் உருவத்தைப் படுக்கவைத்துவிட்டால் ஊரே படுகளம். மூங்கிலைப் பிடுங்கிய மறுநாள் மாடு மீண்டும் மேயும். ஆனால் 'அதோ, அதுதான் படுகளம்' என்று ஆண்டு முழுவதும் அந்த இடத்துக்குப் பெயர் நிற்கும்.

பதினெட்டு நாள் கூத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வரலாற்று மாணவன் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டிய இடம் இதுதான். தலைக்கட்டு வரி! திருமணமாகித் தனிக்குடும்பமானவன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் முடிவுசெய்யும். ஒரு நோட்டில் பெயர் எழுதப்படும். பணம் கட்டியவர் பெயருக்கு நேரே குறி விழும். புதிதாக மணமானவன் முதல் வரி கட்டும்போது அவன் ஆளாகிவிட்டான் என்பதற்கு ஊரே சாட்சி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், வரி கட்டுவதற்காகப் பேருந்தேறி வருகிறான். ஏன்? கட்டாவிட்டால் கூத்தைப் பார்க்கவிடமாட்டார்கள் என்பதற்காகவா? இல்லை. திறந்த வெளிக் கூத்தை யார் தடுக்க முடியும்? அந்த நோட்டில் பெயர் இல்லாதவன் ஊரான் அல்லன். அந்த அச்சம்தான் அவனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒருவனை ஊர்விலக்கு வைக்கவேண்டுமானால் முதலில் செய்வது என்ன? அவன் வரியை வாங்க மறுப்பதுதான்!

அரசாங்கம் எழுதும் குடிமதிப்பு ஒன்று. ஊர் எழுதும் குடிமதிப்பு இந்த நோட்டு. முன்னதில் எல்லாருக்கும் இடமுண்டு. பின்னதில்? பல ஊர்களில் சேரியின் வரியை வாங்குவதில்லை. கொடுக்க மனமில்லை என்பதன்று, கொடுத்தாலும் வாங்குவதில்லை. விழா அறிவிக்கப் பறை வேண்டும். பறையடிப்பவரின் பணம் வேண்டாம்! ஆடுவோரிலோ வன்னியரும் உண்டு, ஆதிதிராவிடரும் உண்டு. இரு சாராரும் தத்தம் குழு வைத்து, தத்தம் வாத்தியாரிடம் பயின்று, அதே பாரதத்தை ஆடுகின்றனர். பாட்டு ஒன்று, அடவு ஒன்று, கிரீடம் செய்யும் கல்யாண முருங்கைக் கட்டைகூட ஒன்று. களரி மட்டும் இரண்டு.

இந்த மண்ணரங்கு செய்த நன்மையையும் மறைக்கக்கூடாது. தெலுங்கு பேசும் வீட்டாரும் கன்னடம் பேசும் வீட்டாரும் தமிழ்ப்பாட்டைக் கேட்டு விடியும்வரை அமர்ந்திருந்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாத உழவன் விருத்தமும் தருவும் மனப்பாடமாகச் சொன்னான். பள்ளிக்கூடம் எட்டிப்பார்க்காத காலத்தில் தமிழைக் காத்த இடங்களுள் களரியும் ஒன்று. மொழிவேலியை அப்படி அனாயாசமாகத் தாண்டவைத்த களரி, சாதிவேலியின் அருகே வந்ததும் கால் நடுங்கி நின்றுவிட்டது.

சரி, மந்தைவெளியில் நோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் செய்தி, பட்டணத்தில் எப்படி இருந்தது? அங்கே அது அச்சடித்த உறுப்பினர் பட்டியலாக, நுழைவுச்சீட்டாக வெளிப்படையாகத் தெரியும். ஆகவே சென்னைக்குப் போய்ப் பார்ப்போம்.

விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி, இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே எழுந்தது விக்டோரியா பொதுமண்டபம். அம்மண்டபத்தைத் தன் வீடுபோல் ஆக்கிக்கொண்டது 1891-இல் தோன்றிய சுகுண விலாச சபை. தோற்றுவித்தவர்களுள் முதல்வர் பம்மல் சம்பந்த முதலியார்; அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் வழக்கறிஞர், நீதிபதி. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். 'கூத்தாடி' என்பது அந்நாளில் வசைச்சொல். படித்தவர் வீட்டுப் பிள்ளை மேடையேறுவதா என்று முகம் சுளித்த காலத்தில், வழக்கறிஞரும் அதிகாரியும் வேடம் கட்டினர். காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தியும் நடித்தார். மண்டபத்தின் செங்கல் சுவரும் உறுப்பினரின் பட்டமும் பதவியும் சேர்ந்து அந்த வசைச்சொல்லைக் கழுவிவிட்டன. நல்லதுதான். யாருக்குக் கழுவின என்பதுதான் கேள்வி. நாடகத்தை நம்பி வயிறு வளர்க்கத் தேவையில்லாதவருக்குக் கழுவின. அதே ஆண்டுகளில் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களை ஊர் ஊராக நடித்துத் திரிந்த ஏழைச் சிறுவர்களுக்கும், மந்தைவெளிக் கூத்தருக்கும் வசை அப்படியே இருந்தது. ஒரே தொழிலைச் செய்தவருள் மண்டபத்தில் செய்தவர் 'கலைஞர்' ஆனார். மண்ணில் செய்தவர் 'கூத்தாடி'யாகவே நின்றார்.

கட்டியவளுக்கே இடமில்லாத அரங்கும் ஒன்று உண்டு. திருவையாற்றில், காவிரிக்கரையில், 1847-இல் மறைந்த தியாகராசரின் சமாதி பாழடைந்து கிடந்தது. ஆண்டுதோறும் வித்துவான்கள் வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சண்டையும் போட்டார்கள். சமாதிக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்று நகையையும் சொத்தையும் விற்றுப் பணம் கொணர்ந்தவர் ஒரு பெண்மணி, பெங்களூர் நாகரத்தினம்மாள். பொட்டுக்கட்டும் மரபில் பிறந்தவர். முத்துப்பழனி என்ற பெண்பாற்புலவரின் தெலுங்குக் காவியத்தை அச்சிட்டு, அரசாங்கத்தின் தடையையும் வாங்கிக்கொண்டவர். 1921-இல் தொடங்கிய பணி 1925 சனவரியில் குடமுழுக்கில் முடிந்தது. கட்டடம் எழுந்தது. விழாவில் பெண்கள் பாடலாமா? கூடாது என்றனர். பணம் தந்தவரும் பாடக்கூடாது. அவர் தந்த பணத்தால் எழுந்த சுவருக்கு முன்னே ஆண்கள் பாடுவர், அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்!

அம்மையார் அழவில்லை. 1927-இல் மூன்றாவது கட்சி ஒன்றைத் தொடங்கினார்: பெண்கள் கட்சி. சமாதியின் பின்புறத்தில் பெண்கள் அமர்ந்து பாடினர். முன்புறம் ஆண்களின் இசை, பின்புறம் பெண்களின் இசை. எது அரங்கு, எது புழக்கடை? 1940-41-இல் கட்சிகள் ஒன்றான போது பெண்களுக்கும் அங்கே பாட இடம் கிடைத்தது. தேவதாசி ஒழிப்பு மசோதாவை முத்துலட்சுமி அம்மையார் கொண்டுவந்தபோது நாகரத்தினம்மாள் எதிர்த்தார். அதில் நாம் முத்துலட்சுமியின் பக்கம். அவர் கொண்டிருந்த பக்தியிலும் நமக்குப் பங்கில்லை. ஆயினும், வாயில் மூடியிருந்தால் சுவருக்குப் பின்னால் இன்னோர் அரங்கை அமைப்பேன் என்ற அந்த நெஞ்சுரத்தைப் போற்றாமல் இருக்க முடியவில்லை. 1952-இல் அவர் மறைந்தார். நினைவிடம் அந்தச் சமாதிக்கு அருகிலேயே இருக்கிறது.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று இது. வாசிங்டனில் 1939-இல் மேரியன் ஆண்டர்சன் என்ற நீக்ரோப் பாடகிக்கு (அக்காலத்தார் அப்படித்தான் எழுதினர், இன்று கறுப்பினத்தவர் என்போம்) அந்நகரின் பெருமண்டபத்தைத் தர மறுத்தனர் அதன் உரிமையாளரான 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' சங்கத்தார். புரட்சியின் புதல்வியராம்! ஏப்பிரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டில் நின்று அவர் பாடினார்; திறந்தவெளியில் எழுபத்தையாயிரம் பேர் திரண்டு கேட்டனர். மண்டபம் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டது. படிக்கட்டு பெயர் பெற்றது.

பெண்ணுக்கும் கறுப்பருக்கும் மட்டுமா வாயில் மூடியது? ஒரு மொழிக்கே மூடியிருந்தது, அதுவும் அம்மொழி பேசும் நாட்டின் தலைநகரில்! 1927-இல் சென்னைக் காங்கிரசு மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் சென்னையில் மியூசிக் அகாடமி தோன்றியது. கச்சேரி என்றால் தெலுங்குக் கீர்த்தனம், வடமொழிக் கீர்த்தனம். இறுதியில், பந்தியில் ஊறுகாய் வைப்பதுபோல், தமிழ்ப்பாட்டு ஒன்றிரண்டு. 'துக்கடா' என்பது அதன் பெயர். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடு, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்றது. இசையின் தரம் என்னாவது என்று அகாடமியின் அறிஞர்கள் கவலைப்பட்டனர். இசைக்கு மொழியில்லை என்றும் வாதிட்டனர் சிலர். இசைக்கு மொழியில்லையாயின் தமிழால் மட்டும் அதன் தரம் எப்படிக் குறையும்? இதற்கு விடை அன்றும் வரவில்லை.

வாதம் செய்துகொண்டே இருந்திருந்தால் இன்றுவரை செய்துகொண்டிருப்போம். அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழிசைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இராஜாஜியும், கல்கியும், டி.கே.சி.யும், திராவிட இயக்கத்தாரும், வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒத்துப்போயினர். பாரிமுனைக்கருகே 1952-இல் இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. அகாடமி தன் சொந்த மண்டபத்தில் குடியேறியது 1962-இல்தான். தமிழ் அதற்குப் பத்தாண்டு முந்திக்கொண்டது! பெயரையும் கவனியுங்கள்: சபா அன்று, அகாடமி அன்று, மன்றம். அங்கே தேவாரப் பண்கள் ஆராயப்பட்டன. தமிழ்ப்பாட்டு ஊறுகாய் நிலையிலிருந்து உணவாயிற்று. ஒன்று சொல்லவேண்டும்: அம்மன்றம் செல்வரின் கொடை. மொழியின் மானத்தைக் காத்த அதன் நாற்காலிகளில், மூட்டை தூக்கும் தமிழன் எத்தனை நாள் அமர்ந்தான்? தமிழுக்குத் திறந்த வாயில் தமிழனுக்கும் தானே திறந்துவிடும் என்று நம்பியவர் உண்டு. அவ்வளவு எளிதாக அது நடக்கவில்லை.

அவனுக்கு வாயில் திறந்தது வேறிடத்தில், யாரும் கலைக்கூடம் என்று மதிக்காத இடத்தில். கொட்டகையில்! திருச்சியில் இரயில்வே எழுத்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு படக்கருவியை வாங்கிக்கொண்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் புறப்பட்டார். கூடாரம் கீற்றுக்கொட்டகையாயிற்று. அதில் மாலையில் படம், சில திங்களில் நாடகம். வாயிலில் நின்றவன் கேட்டது ஒன்றே: காசு இருக்கிறதா? தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையிடம் திரைப்படக் கொட்டகையே என்று ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி எழுதினார், அமர்வது பிறப்பால் அன்று, கொடுத்த காசால் என்பது அவர் கண்ட வேறுபாடு. தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசு ஒரு புதிய வருணாசிரமத்தை வகுத்ததை மறுக்கவில்லை. பெண்களுக்குத் தனிப்பக்கம் இருந்ததையும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு: நாலணா சேர்த்தால் தரையில் இருப்பவன் பெஞ்சுக்குப் போகலாம். மந்தைவெளியில் எத்தனை நாலணா சேர்த்தாலும் பின்னே நிற்பவன் முன்னே வரமுடியாது.

அதனால்தான் கொட்டகை மேடையைச் சீர்திருத்தக்காரர் தேடிப் போயினர். அண்ணா 'சந்திரோதயம்' எழுதித் தாமே நடித்தார்; 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ய'த்தில் காகபட்டராக வந்தார். கே.ஆர். இராமசாமி 'வேலைக்காரி'யையும் 'ஓர் இர'வையும் நடித்தார். எம்.ஆர். இராதா வந்தார், இடியும் மின்னலும் வந்தன. கொட்டகையில் சிரித்தவன் வீட்டுக்குப் போய் யோசித்தான். அரங்கின் ஆற்றல் எத்தகையது என்று நம்மைவிட அரசாங்கம் நன்றாக அறிந்திருந்தது. 1954-இல் சென்னை நாடகச் சட்டம் பிறந்தது. எழுதியதைக் காட்டு, இசைவு பெறு, பிறகு நடி! அந்தச் சட்டம் எத்தனை ஆட்சிகளைக் கண்டது தெரியுமா? அதனால் அடிபட்டவர்களின் தோழர்களே ஆட்சிக்கு வந்த பின்னும் அது ஏட்டில் இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரண் என்று வீழ்த்தியது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள்! இதை நம்மவரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கொட்டகைகள் இன்று பெரும்பாலும் இல்லை. களரி இருக்கிறது. பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் படுகளத்தில் மண்துரியோதனன் படுக்கிறான். பல ஊர்களில் 'கலையரங்கம்' என்று சிமெண்டு மேடையும் வந்துவிட்டது. நெற்றியில் நிதி தந்தவர் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். கட்டியது பொதுப்பணத்தில். கட்டிய இடம்? பெரும்பாலும் ஊரின் நடுவே, கோயிலுக்கு எதிரே. சேரிக்காரர் அங்கே அமர்ந்து பார்ப்பாரா என்று இடம் குறித்த அதிகாரி கேட்டிருக்கமாட்டார்.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நடந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். தருமராசா திரௌபதியம்மன் கோயில். 2023 திருவிழாவில் உள்ளே சென்ற ஆதிதிராவிட இளைஞர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு சூனில் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் காவலர் துணையோடு அம்மக்கள் உள்ளே சென்றனர். கடவுளை மறுக்கும் நமக்குக் கோயில் வாயிலைப் பற்றி என்ன கவலை என்று கேட்போருக்கு 1924-இன் வைக்கத்தை நினைவூட்டுவோம். உள்ளே இருந்த தெய்வத்தின்மீது கொண்ட காதலால் பெரியார் சிறைசென்றாரா? வெளியே இருந்த தெரு மனிதனுடையது என்பதற்காகச் சென்றார். திரௌபதியம்மன் கோயிலின் முற்றம் கூத்தின் முற்றமும் ஆகும். பூட்டு ஒன்றாயினும் மூடியவை இரண்டு.

நம் பகுதி இளைஞர் மன்றத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். அடுத்த பங்குனியில் பாரதக் கூத்துக்கு ஊர்க்கூட்டம் போடுவார்கள். கதையைப் பழிக்க அன்று போகாதீர்கள். அதற்கு வேறு மேடை நமக்கு உண்டு. திண்ணையில் அந்த நோட்டைப் பிரித்துவைத்திருப்பார்கள், பக்கத்தில் பேனாவும் இருக்கும். தலைக்கட்டுப் பெயர்களைப் படித்து முடித்ததும், சேரியில் உள்ள தலைக்கட்டுகள் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன என்று கேளுங்கள். தனி நோட்டு என்பார்கள், இல்லை என்பார்கள், வழக்கமில்லை என்பார்கள். அதே பக்கத்தில், அதே வரிசையில், அதே தொகைக்கு எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், உங்கள் வீட்டு வரியையும் அந்த நோட்டில் எழுதவேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.